உப்புக் காற்றில் கார் ஒயரிங்: பார்ட்டை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

நம் இராமநாதபுரம் கடற்கரையில் காரின் ஹெட்லைட் மங்கினால், ஹார்ன் கம்மினால், செல்ஃப் இழுக்க மறுத்தால் முதலில் வாங்குவது புது பேட்டரி. அதிலும் சரியாகவில்லை என்றால் டைனமோ (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது), அதற்கடுத்து செல்ஃப் மோட்டார் (எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது). இத்தனைக்கும் செலவழித்த பிறகு, யாராவது ஒருவர் ஒரே ஒரு எர்த் போல்ட்டை (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு) கழற்றித் தேய்த்து மாட்டுவார், வண்டி பட்டென்று எடுத்துக்கொள்ளும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எந்த ஊரானாலும் இதே கதைதான். இந்தப் பகுதியில் பார்ட் கெடுவதைவிட பார்ட்டுக்குப் போகிற இணைப்பு கெடுவதுதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பாதிப் பணம் மிச்சம்.

காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் ஒரு மாதமாக மழையே இல்லாவிட்டாலும் நம் ஊர்க் காரின் பானெட்டுக்குள் படிந்த உப்பு முழுதாகக் காய்வதே இல்லை. அந்த ஈரம் செம்பில் களிம்பு ஏற்றும், இரும்பில் துருவாகும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகும். செம்பு லக் (ஒயர் நுனியில் அழுத்துகிற வளையம்), இரும்பு போல்ட், அலுமினிய எஞ்சின் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றில்தான் நம் காரின் மெல்லிய ஒயரும் நிற்கிறது. இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு எந்தக் காற்றும் ஆறுதல் இல்லை: வாடை (வடகாற்று) அடித்தால் பாக் விரிகுடா உப்பு, சோழகம் (தென்காற்று) அடித்தால் மன்னார் வளைகுடா உப்பு.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, அதில் 10 ஆம்பியர் சாக்கெட் இருக்க வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து இரண்டு ஒயரும் முதலைக் கிளிப்பும் கட்டினால் டெஸ்ட் லேம்ப் தயார். 220, 400 நம்பர் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், சமையல் சோடா, காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, சிலிக்கான் கிரீஸ், 10, 12, 13 நம்பர் ஸ்பேனர், கொஞ்சம் லக், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடிப்பது), லக்கை ஒயரில் அழுத்த கிரிம்பிங் பிளையர். இவ்வளவுதான்.

கை வைக்கும் முன் மூன்று விஷயம். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியாகவே பாயும். ஸ்டீயரிங் அடியிலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கும் மஞ்சள் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) ஏர்பேக் ஒயர், அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள் வீட்டு வேலை இல்லை.

இனி அளவு. ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. ஓடி வந்து நிறுத்திய கையோடு அளந்தால் 12.9, 13 என்று பொய் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளந்தால் அந்த மேலோட்டமான சார்ஜ் இறங்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு எஞ்சினை 2000 ஆர்பிஎம் அளவில் வைத்தாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. ஒரு எச்சரிக்கை: புதிய கார்களில் டைனமோவை கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது, பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே 12.7 அளவுக்குக் குறைத்துவிடும். அதைப் பார்த்து டைனமோ போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி அளந்தால் ஏறிவிடும். அப்போதும் ஏறாவிட்டால் பெல்ட், பிறகு டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரின் நட். எல்லா லோடும் போட்ட நிலையில் அந்த நட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை டைனமோவில் இல்லை, ஒயரில்.

இந்த "நடுவில் அளப்பது"தான் முழு விஷயத்தின் சாரம். பலரும் ஒயரைக் கழற்றி, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, சத்தம் வந்தால் ஒயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண மீட்டர் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். 0.01 ஓமை அளக்கும் திறன் நம் கையில் இருக்கும் மீட்டருக்குக் கிடையாது. ஆனால் லோடு ஓடும்போது அந்த 1.5 வோல்ட்டை அதே மீட்டர் தெளிவாகக் காட்டும். அதனால் ஒயரைக் கழற்றாமல், வேலை செய்ய விட்டு, இணைப்பின் இரண்டு பக்கமும் மீட்டர் முனையை வைத்து அளக்க வேண்டும். இதற்குப் பெயர் வோல்டேஜ் டிராப் சோதனை. நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்.

செல்ஃப் எடுக்காத காருக்கு இதை இப்படிச் செய்யலாம். சாவியைத் திருப்ப ஒருவர் வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் வேண்டுமானால் ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், செல்ஃப் சூடாகிவிடும்.

முதலில் மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜ் இல்லை. 10.5, 11 என்று தாராளமாக நின்றும் செல்ஃப் முக்கினால் பேட்டரியில் குறை இல்லை. அடுத்து ஒரு முனை ஈயக் கம்பத்தில், மறு முனை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில். 0.1-க்கு மேல் காட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவில் அழுக்கு. பிறகு பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சின் உலோகத்துக்கு: 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வோல்ட். பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த நட்டுக்கு: 0.5 வரை பொறுக்கலாம். எது எல்லை தாண்டுகிறதோ அந்தப் பக்கம்தான் நோய்.

மீட்டரே இல்லாத நேரத்தில் ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கடிக்கவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்துக்கொண்டால் எஞ்சின் எர்த் பட்டை போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தொங்கும் அந்தப் பின்னல் பட்டைதான் நம் பக்கத்தில் முதலில் செத்துப்போகிற சாமான். வெளியில் முழுதாகத் தெரியும், வளைத்தால் உள்ளே பொடிப்பொடியாக உதிரும். சின்ன பெட்ரோல் காருக்கு 25 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில், பேட்டரிக் கடையில் லக் அழுத்தி வாங்கி, பழையதன் நீளத்துக்கே போடுங்கள். எஞ்சின் அசையும், அதனால் இழுத்துக் கட்டக் கூடாது.

சத்தமும் வழி சொல்லும். கடகடவென்று கிளிக் கிளிக் என்றால் வோல்ட் போதவில்லை: பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு "டொக்" என்று நின்றால் கேபிள் அல்லது செல்ஃப் மோட்டார். சத்தமே இல்லை என்றால் சாவி, கிளட்ச் சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழி. உள் லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். லைட் அப்படியே செத்தால் பேட்டரிப் பக்கம், லைட் பளிச்சென்று நின்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை.

டெர்மினல் சுத்தம் செய்ய ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா. மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். நுரை அடங்கும்வரை பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணியில் கழுவித் துடையுங்கள். கம்பத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, காய்ந்த நிலையில் மாட்டி இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ். தடவிவிட்டு மாட்டாதீர்கள். வாசலின் போடுகிற பழக்கம் இங்கே நிறைய, அது தப்பில்லை, ஆனால் எஞ்சின் சூட்டில் உருகி வழிந்து இரண்டு மாதத்தில் காணாமல் போகும். சிலிக்கான் கிரீஸ் நிற்கும். கிளாம்ப் கையால் அசைந்தால் உள்ளே தகரத் துண்டு செருகாதீர்கள், புது பித்தளை கிளாம்ப் வாங்கிப் போடுங்கள்.

பேட்டரியின் மேல்முகத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கறுப்பு முனை நெகட்டிவில், சிவப்பு முனையை பிளாஸ்டிக் மேல்தட்டின் மீது அங்கங்கே தொட்டு நகர்த்துங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உப்பும் ஆசிட் ஆவியும் சேர்ந்த படலம் அங்கே கரண்டைக் கசியவிடுகிறது. பேட்டரி தானே தன்னைக் காலி செய்துகொள்ளும். அதே சோடாத் தண்ணி போதும். தண்ணி ஊற்றுகிற வகை பேட்டரியில் பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கேன் தண்ணியிலும் உப்பு இருக்கிறது.

அடுத்து டிக்கி. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே மீன் பெட்டி ஏறாத கார் குறைவு. ஐஸ் உருகிய மீன் தண்ணி கார்ப்பெட் வழியாக ஸ்டெப்னி குழிக்கும், ஓரமாக டெயில் லேம்ப் அடிக்கும் போய்ச் சேரும். அங்கேதான் பின் விளக்குகளின் எர்த் போல்ட் இருக்கிறது. அது கெட்டால் வரும் அடையாளம் விசித்திரமாக இருக்கும்: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் கூடவே துடிக்கும், ரிவர்ஸ் போட்டால் எல்லாமே அரைகுறை. பல்பிலிருந்து திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாக எர்த் தேடுகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒயர் மாறிப்போச்சு என்று முழு ஒயரிங்கையும் பிரிக்கிறவர்கள் உண்டு, அப்படி ஒரு அவசியமே இல்லை.

சோதிக்க, பிரேக் லைட்டை எரியவிட்டு, ஹோல்டருக்கு வரும் எர்த் ஒயரின் கப்ளர் பின்பக்கத்துக்கும் பாடியின் வெற்று உலோகத்துக்கும் நடுவே அளக்க வேண்டும். 21 வாட் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர். வழியில் அரை ஓம் தடை இருந்தால் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.1-க்கு மேல் காட்டினாலே கழற்றுங்கள்.

கார்ப்பெட்டைத் தூக்கினால் பெரும்பாலும் 10 நம்பர் போல்ட், அதன் கீழே இரண்டு மூன்று லக், கறுப்பு ஒயர். மேலே பார்க்க ஒன்றும் தெரியாது, போல்ட் இறுக்கமாகவே இருக்கும். கழற்றி லக்கைப் புரட்டினால் அடியில் பெயிண்ட் குமிழ் விட்டு, துருவும் பச்சைக் களிம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயையோ ரஸ்ட் ஸ்ப்ரேயையோ அடித்துவிட்டு மாட்டுவதில் பயனில்லை. தகட்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 220 உப்புத்தாளால் தேயுங்கள், மஞ்சள் துரு போய், கறுப்பு போய், வெள்ளி நிறம் வரும்வரை. லக்கின் இரு முகமும் செம்போ தகரப் பூச்சோ மின்ன வேண்டும். பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, மறுபடி அளந்து, 0.05-க்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு போல்ட் தலையோடு சேர்த்து எல்லாவற்றையும் கிரீஸால் மூடி, தேய்த்த இடத்தைச் சுற்றி பெயிண்ட் அடியுங்கள். இறுக்கியபின் மூடுவதுதான் முக்கியம், அப்போதுதான் உலோகத்தோடு உலோகம் நேராகப் பிடித்திருக்கும்.

லக்கின் கழுத்தில் ஒயரின் உறையை ஒரு சென்டிமீட்டர் சீவிப் பாருங்கள். இழைகள் கறுத்திருந்தால் உப்புத் தண்ணி உறைக்குள்ளேயே ஏறிவிட்டது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் சீவுங்கள். சில கார்களில் ஒரு சாண் வரைகூட கறுப்பு போயிருக்கும். செம்பு நிறம் வருகிற இடத்தில் வெட்டி, அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, கிரிம்ப் செய்து, பசை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். கறுத்த இழையில் ஈயம் பற்றாது, அழுத்தினாலும் நிற்காது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த ஊருக்கு ஆகாது. வெயிலில் பசை இளகி, உள்ளே போன ஈரத்தை வெளியேவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதேபோல கப்ளரை அடைக்க பாத்ரூம் சிலிக்கான் டியூபைப் பிதுக்குகிறார்கள். காடி நாற்றம் அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், அதுவே செம்பை அரிக்கும்.

டிக்கிக் கதவில் இருக்கும் நம்பர் பிளேட் லைட்டும் பின் வைப்பரும் விட்டு விட்டு வேலை செய்தால் கீல் பக்கத்து ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். தினமும் மடங்கி மடங்கி ஒயர் உள்ளே முறிந்திருக்கும்.

ஹெட்லைட் மங்கலுக்கு கண்ணாடி மஞ்சளானது ஒரு காரணம், வோல்ட் குறைவது இன்னொன்று. ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மிக வேகமாகக் குறையும்: 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். எஞ்சின் ஓட, லைட் எரிய, பல்பின் கப்ளர் பின்னால் அளந்து பேட்டரி வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த், கப்ளர், ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக அளந்து போங்கள். 100 வாட் பல்பு மாட்டுவது இதற்கு மருந்து இல்லை, கப்ளர்தான் உருகும்.

ரேடியேட்டர் ஃபேன் விஷயத்தில் அசட்டை வேண்டாம். எஞ்சினையே காவு வாங்குகிற குறை இது. ஃபேன் கப்ளர் முன்புறம் தாழ்வாக இருப்பதால் ரோட்டு உப்புத் தண்ணி நேராகப் படும். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், அடுத்து ரிலே. ரிலேயைச் சோதிக்க அதே நம்பர் அச்சடித்த ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்ப்பதே சுலபம். தனியாக அளக்க வேண்டுமானால் ரிலேயின் 85, 86 என்று நம்பர் போட்ட பின்களுக்கு நடுவே பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை வரும். அந்த இரண்டுக்கும் 12 வோல்ட் கொடுத்தால் டக் என்று அடித்து 30-உம் 87-உம் சேர வேண்டும். சத்தம் வந்தும் உள்முனை கருகியிருக்கலாம், அதனால் 30-க்கும் 87-க்கும் நடுவே லோடில் அளந்து பாருங்கள். ஃபேன் கப்ளர் கெட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு அளக்கும்போது 12 வோல்ட் முழுதாகக் காட்டும், மாட்டினால் 6 ஆகும். மாட்டிய நிலையில் பின்பக்கமாக ஊசி முனை வைத்து அளப்பதே சரி. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் ஆண், பெண் இரண்டு பாதியையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பின் புதியதையும் சுட்டுவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய நம்பர் போடுவது நெருப்புக்கு அழைப்பு. 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பிரவுன், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. மூடியில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. ஷார்ட்டைத் தேட ஃபியூஸ் இடத்தில் முன்னே சொன்ன 21 வாட் டெஸ்ட் லேம்பைச் செருகுங்கள். அந்த லைனின் லோடுகளை எல்லாம் கழற்றிவிட்டபின்னும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பு கரண்டை 1.75 ஆம்பியருக்குள் கட்டிவைப்பதால் ஒன்றும் கருகாது. இப்போது ஒயரிங்கை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கே உறை கிழிந்து பாடியைத் தொடுகிறது. எலி கடித்த ஒயரும் இந்த வழியில் அகப்படும்.

ஃபியூஸ் பெட்டிக்குள் ஈரம் எப்படிப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் மழைத்தண்ணி வடிய இரண்டு ஓட்டை இருக்கும். நம் பக்கம் சீமைக்கருவேல மரத்தடிதான் பார்க்கிங். அதன் பொடி இலை அந்த ஓட்டையை அப்படியே மெழுகிவிடும். ஐப்பசி மழையில் தண்ணி ஏறி புளோவர் (ஏசி காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்) மோட்டார் பக்கமும் டேஷ்போர்டு அடியிலும் இறங்கும். புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால் அதன் ரெசிஸ்டர் போயிருக்கிறது, மோட்டார் அல்ல. விலையில் பெரிய வித்தியாசம்.

நின்ற காரில் பேட்டரி இறங்குவது தனிப் பிரச்சினை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், கார் வாசலில் நிற்கும். கார் தூங்கும்போதும் கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும், இரண்டு வாரத்தில் பாதி காலி. 300 மில்லி ஆம்பியர் கசிந்தால் இரண்டரை நாளிலேயே பாதி காலி.

கசிவை அளக்கும் முறை: பானெட்டையும் ஒரு கதவையும் திறந்து வைத்து, கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். ரிமோட் சாவியைத் தூரமாக வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, ஒரு முனை நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனை கேபிளிலும் பிடித்தபடியே கிளாம்பைத் தூக்குங்கள். தொடர்பு அறுந்தால் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். 30, 40 நிமிடம் பொறுங்கள், எண் படிப்படியாக இறங்கும். இந்த நிலையில் மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50-க்கு மேலேயே நின்றால் ஃபியூஸைப் பிடுங்காமல், அதன் தலையில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டாத ஃபியூஸ் வழியாகத்தான் கரண்ட் போகிறது. பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜிபிஎஸ், அணையாத டிக்கி லைட், ஒட்டிக்கொண்ட ரிலே, பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

பேட்டரி இறங்கிய காரை ஜம்ப் செய்யும்போது (வேறு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது) கடைசி கறுப்புக் கிளிப்பை இறங்கிய பேட்டரியின் நெகட்டிவில் போடாமல் தள்ளி எஞ்சின் உலோகத்தில் கடிக்கவிடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும். புதிய கார்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் இருக்கும், அதைக் காப்பாற்றவும் இதுவே வழி.

கழுவுகிற தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிச்சல்முனை போய் வந்த காரை அன்றைக்கே அடிப்புறம் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டு போர் தண்ணியே உவராக இருந்தால் உப்பை எடுத்து உப்பைப் போட்ட கதை. மண்ணைப் போக்க அது போதும், கடைசி இரண்டு வாளி மட்டும் நல்ல தண்ணியாக இருக்கட்டும். பிரஷர் பம்பை டைனமோ, ஃபியூஸ் பெட்டி, கப்ளர் பக்கம் காட்ட வேண்டாம்.

வாடை தொடங்கும் முன், புரட்டாசி வாக்கில், எஞ்சின் எர்த், பாடி எர்த், ஹெட்லைட் எர்த், டிக்கி எர்த், பேட்டரி முனை இரண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றித் தேய்த்து மூடிவிடுங்கள், அரை நாள் வேலை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிற காரில் நெகட்டிவைக் கழற்றி வைப்பதே நல்லது. டிக்கியும் கதவும் கரண்டில் மட்டும் திறக்கிற மாடலானால் கரண்ட் இல்லாமல் சாவியால் ஒரு கதவையாவது திறந்து பானெட்டை எட்ட முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியபின் பவர் விண்டோ தானாக மேலே ஏறாவிட்டால் பயப்பட வேண்டாம், கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சை மேலேயே மூன்று நான்கு விநாடி பிடித்தால் பெரும்பாலான கார்களில் பழையபடி வந்துவிடும்.